சொல்லச் சொல்ல எழுதிய அம்மா

ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவுப் பிள்ளைகள் 'என் அம்மா' என்ற தலைப்பில் கட்டுரை எழுதிய மறுநாள் காலை, அத்தனை பேர் வீட்டிலும் ஒரே அம்மா எழுந்து வந்தாள். ஒரே முகம், ஒரே நீளக் கூந்தல், ஒரே மாறாத புன்னகை. கட்டுரையைச் சொல்லிக்கொடுத்தவர் மொழிப்பாடம் எடுக்கும் ஆசிரியை. ஊர் அவரைக் கட்டுரை டீச்சர் என்றே அழைத்தது. வேலைக்கு வந்த நாள் முதல் அதே கட்டுரையைத்தான் அவர் வரி வரியாகச் சொல்லி எழுதவைத்தார், பிள்ளைகளும் முழு மதிப்பெண் வாங்கி வந்தார்கள். அந்த வருடம் மட்டும் அது ஏன் பலித்தது என்று யாருக்கும் தெரியாது.

முதல் வாரம் ஒருவரும் குறை சொல்லவில்லை. காய்கறிக் கடை வாசலில் ஒரே முகத்தோடு ஏழெட்டுப் பேர் நின்றபோது கடைக்காரருக்குத் தலை சுற்றியது என்னவோ உண்மை. யாரும் பேரம் பேசாததால் அவரும் வாயைத் திறக்கவில்லை. தலைமையாசிரியர் ஒரு படி மேலே போனார். "எதுக்கு டீச்சர் பதறுறீங்க? இந்த வாரம் ஒரு அம்மாகூட என் ரூம் வாசல்ல வந்து சண்டை போடல. இது போதும் எனக்கு" என்றார். ஆனால் கட்டுரையின் நான்காம் வரியில், 'மெழுகுவர்த்தியைப் போலத் தன்னை உருக்கி எங்களுக்கு ஒளி தருகிறாள்' என்று இருந்தது. இரண்டாம் வாரம் அம்மாக்களின் மோதிரங்கள் தாமாகக் கழன்று விழுந்தன. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டவில்லை. அவர்கள் இருந்த அறையில் விளக்குப் போடாமலே படிக்க முடிந்தது. புன்னகை மட்டும் அப்படியே இருந்தது, உருகுகிறவர்களுக்கு அது தெரியவே இல்லை என்பதுபோல.

டீச்சர் நான்காம் வரியைத் திரும்பப் படித்தார். மறுநாள் அதே தலைப்பைக் கரும்பலகையில் எழுதி, கீழே எதையும் எழுதாமல் விட்டார். அன்பான, அழகான, பொறுமையான என்று எவன் எழுதினாலும் கோடு போட்டு அடித்துவிடுவேன் என்றார். அம்மா கோபத்தில் என்ன சொல்வாளோ அதை அவள் சொல்கிற மாதிரியே எழுது. கதவைத் தட்டுவது அவள்தான் என்று பார்க்காமலே எப்படித் தெரியும், அதை எழுது. எழுதியதை எழுந்து வாசிக்க வேண்டும், கேட்கிறவர்கள் எந்தக் கையால், எதைப் பிடித்துக்கொண்டு, யாரைப் பார்த்து என்று குடைந்து குடைந்து கேட்க வேண்டும், பதில் தெரியாதவன் ஞாபகம் வரும்வரை அடித்து அடித்து எழுத வேண்டும். பேருந்து நடத்துநராக இருந்த ஒருத்தியின் மகன், தன் அம்மா தூக்கத்திலும் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள் என்று வாசித்து முடித்தான். அதே நேரத்தில், ஓடுகிற பேருந்தில் அவள் தன் பழைய உயரத்துக்கு வளர்ந்து, படியில் தொங்கியவனைச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். தையல்காரி, உதட்டில் ஊசியைக் கவ்விக்கொண்டு அவள் சொல்லும் மூன்று வகை 'ம்' காரணமாகத் திரும்பி வந்தாள். ஒருவன் காதைப் பற்றி எழுத மறந்துவிட்டதால் அவன் அம்மாவுக்குக் கட்டுரைக் காதே நிலைத்துவிட்டது. முந்தையதைவிட நன்றாகக் கேட்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். இன்னொருத்தி நேரே தலைமையாசிரியர் வாசலுக்கு வந்து, "உலகத்துல எழுத வேற ஒண்ணும் இல்லையா? என் குறட்டைதான் கெடச்சுதா?" என்று கத்தினாள். அவருடைய நிம்மதி அன்றோடு முடிந்தது.

பூட்டுக்காரர் மகள் மட்டும் ஒரு வரியும் எழுதவில்லை. அவளைப் பெற்றவள், அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டாள். ஆனால் டீச்சர் சொல்லச் சொல்ல எல்லோரோடும் சேர்ந்து அவளும் எழுதியிருந்தாள். ஆகவே அந்த வீட்டிலும் ஒருத்தி எழுந்து வந்து அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். இப்போது ஊரிலேயே அந்த முகத்தோடு மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான்.

"உண்மைய எழுதுன்னு சொல்றீங்க டீச்சர். எனக்கு அம்மா இல்லைங்கறதுதான் உண்மை. அத எழுதினா அவங்க போயிடுவாங்க. எழுதலன்னா உருகிப் போயிடுவாங்க. நான் எதை எழுதட்டும்?" என்று பெண் கேட்டாள்.  

மாலையில் டீச்சர் அந்த வீட்டுக்குப் போனார். முன்னறைதான் பட்டறை. சுவர் முழுக்கச் சாவிகள் தொங்கின. இடுப்பு உயரத்துக்குக் குறைந்துவிட்ட அந்தப் பெண்மணி முக்காலிமேல் ஏறி நின்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பூட்டுக்காரர் அரத்தைக் கீழே வைத்தார். "உங்க கட்டுரைதானே டீச்சர் இது? நீங்களே நல்லதா நாலு வரி சொல்லுங்க, புள்ள எழுதிடும். எங்களுக்கு என்ன தெரியும்" என்றார். டீச்சருக்கும் அதுதான் கைவந்த வேலை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "எழுதும்மா. என் அம்மாவின் இடது கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு..." என்று ஆரம்பித்தார். பெண் எழுதினாள். முக்காலிமேல் இருந்தவள் ஒரு சாண் குறைந்தாள். மச்சம் போதவில்லை என்று எண்ணிய டீச்சர் குரலையும் நடையையும் அவசரமாகச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அவள் இறங்கிக்கொண்டே போனாள். அறை கண் கூசுகிற மாதிரி வெளிச்சமானது.

"வாய மூடுங்க டீச்சர்!" என்று பூட்டுக்காரர் அலறினார்.

டீச்சர் வாயை மூடினார். அத்தனை வருட வேலையில் அவர் செய்ததிலேயே கஷ்டமான காரியம் அதுதான். அவள் தண்ணீர்ச் செம்பு உயரத்துக்கு வந்து, கழுவாத தட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள். பெண் எழுதிய தாளை வாங்கி டீச்சர் கிழித்தார். பிறகு பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்டார்: "நேத்து இவங்க என்ன பண்ணாங்க?"

"என்ன பண்ணுவாங்க? அப்பா அரம் போட ஆரம்பிச்சா பயந்துகிட்டு கொல்லைக்கு ஓடிடுவாங்க. கேட்டா, துணி காஞ்சிடுச்சான்னு பார்த்தேன்னு பொய் சொல்லுவாங்க. நேத்து துணியே துவைக்கல."

"அப்புறம்?"

"யாரும் பார்க்கலன்னு நெனச்சா சிரிப்ப இறக்கி வச்சிடுவாங்க. கன்னத்த இப்படித் தேச்சுக்குவாங்க, வலிக்குதுபோல. அவங்களுக்குப் புடிச்ச கலர் எதுன்னு ஒருநாள் என்கிட்டயே கேட்டாங்க. எனக்கு எப்படித் தெரியும்? நீங்களே பார்த்துச் சொல்லுங்கன்னேன். சுவத்துல இருக்கற சாவியெல்லாம் பார்த்துட்டு, துரு புடிச்ச கலர்னு சொன்னாங்க." பெண் செம்பு உயரத்தில் நின்றவளைப் பார்த்தாள். "நான் ஈரச் செருப்போட உள்ள வந்தப்ப திட்டணும்னு வாயத் தொறந்தாங்க. திட்டத் தெரியல. தொறந்து தொறந்து மூடினாங்க. பாவமா இருந்துச்சு."

"இத எழுது" என்றார் டீச்சர்.  பெண் எழுதினாள். 'என் அம்மா' என்ற தலைப்பை அடித்துவிட்டு, 'எங்கள் வீட்டில் இருப்பவர்' என்று போட்டுக்கொண்டாள். இரண்டு எழுத்துப்பிழைகள் டீச்சரின் கண்ணில் உறுத்தின. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூட்டுக்காரர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரிக்குப் பெண் முற்றுப்புள்ளி வைத்தபோது அறை மங்கியது, யாரோ எழுந்துபோய் விளக்கைப் போட வேண்டியிருந்தது. போட்டவள் அவள்தான். முழு உயரம், சற்றே வளைந்த மூக்கு, ஊரில் யாருக்கும் இல்லாத ஒரு முகம். கன்னத்தைத் தேய்த்துவிட்டு, பெண்ணின் காலைப் பார்த்து, "ஈரச் செருப்போட உள்ள வராதன்னு எத்தன தடவ சொல்றது?" என்றாள். அதுவரை அவள் ஒரு தடவையும் சொன்னதில்லை. யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

அதன்பின் டீச்சர் எந்தக் கட்டுரையையும் சொல்லி எழுதவைக்கவில்லை. முதல் வருடம் மதிப்பெண்கள் சரிந்தன, தலைமையாசிரியர் இரண்டு முறை எச்சரித்தார், பிறகு ஓய்வு பெற்றுப் போனார். வாக்காளர் பட்டியலுக்குப் பெயர் எடுக்க வந்தவர்கள், பிறந்த ஊர் எது என்று பூட்டுக்காரர் வீட்டில் இருந்தவளிடம் கேட்டார்கள். ஏழாம் வகுப்பு என்றாள், அவர்களும் எழுதிக்கொண்டார்கள். அந்த முதல் வருடக் கடைசிப் பெற்றோர் கூட்டத்துக்குத் துரு நிறத்தில் உடுத்திக்கொண்டு அவள் வந்தாள். பெண்ணின் விடைத்தாளை டீச்சரின் மேசைமேல் விரித்து, கட்டுரைக்கு ஏன் ஒரு மதிப்பெண் குறைந்தது என்று கேட்டாள். கடைசிப் பத்தி அவசரமாக எழுதியிருக்கிறது என்றார் டீச்சர். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. பின்னால் வரிசையில் நின்ற பேருந்து நடத்துநர், "சீக்கிரம் முடிங்கம்மா, எல்லாருக்கும் வேலை இருக்குல்ல" என்று சத்தம் போடும்வரை இருவரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.