உயிரோடிருக்கும் நிறுவனர்

மாநிலத்தின் பெரிய மனிதர்களைப் பற்றி நூல்தொகுதி தயாரித்த வரலாற்றுத் துறை, ஒரு விதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அதில் இடம்பெற ஒருவர் என்ன சாதித்தார் என்பதெல்லாம் அப்புறம். முதலில் செத்திருக்க வேண்டும்.

தொகுப்பாசிரியருக்கு அது வசதியாகத்தான் இருந்தது. செத்தவர்கள் போன் பண்ணி நச்சரிப்பதில்லை. வினை வந்தது அவருடைய மாமியார் விஷயத்தில். மாநிலத்தின் முதல் செவிலியர் பள்ளியைத் தொடங்கியவர் அந்த அம்மாள். ஒழுகும் கிடங்கு ஒன்றைக் கெஞ்சி வாங்கி, தானே வெள்ளையடித்து, வீடு வீடாகப் போய்ப் பெண்களைச் சேர்த்தவர். இன்றைக்கும் மாடிப்படியை மூச்சு வாங்காமல் ஏறுவார். அவரிடம் உதவியாளராக இருந்தவள் போன வருடம் காலமாகிவிட்டாள். தொகுதியில் அவள்தான் பள்ளியின் நிறுவனர், படத்தோடு.

"எங்கம்மா உசிரோட இருக்கறது ஒரு குத்தமா?" என்று கேட்டுவிட்டு மனைவி அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

தொகுப்பாசிரியர் துறை இயக்குநரிடம் போய் நின்றார்.

"உசிரோட இருக்கறவங்க நாளைக்கு என்ன பண்ணுவாங்கன்னு யாருக்குத் தெரியும்? செத்தவங்களைத்தான் நம்பலாம்" என்றார் இயக்குநர். "பள்ளிக்கூடம்னா ஒரு நிறுவனர் வேணுமில்ல? செத்தவங்கள்ல அந்த உதவியாளரம்மாதான் கைக்குக் கிடைச்சாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அச்சுக்குப் போக இன்னும் ஒரு மாசம் இருக்கு. உங்க மாமியாருக்கு உடம்பு எப்படி?"

பாவி, என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே தொகுப்பாசிரியர் வெளியே வந்தார். ஆனால் அன்று மாலையே பிரஷர் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனார். எல்லாம் அக்கறைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கருவி நல்ல அளவையே காட்டியது. நெஞ்சில் எட்டிப் பார்த்தது ஏமாற்றம் என்று புரிந்ததும் வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். அந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் கையை நீட்டினார்.

வெளியீட்டு விழாவில் முதல் பிரதியைப் பெற மாமியாரையே மேடைக்கு அழைத்தார்கள். மறைந்த நிறுவனரின் நீண்டகால உதவியாளர் என்று அறிவித்ததும் அரங்கமே கைதட்டியது. அவர் மைக்கைத் தொடவில்லை. பிரதியோடு இறங்கி வந்து, மருமகன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பள்ளி இருந்த பக்கத்தை நிதானமாகப் படித்து முடித்தார்.

"அடுத்த பதிப்பு எப்ப வரும், மாப்பிள்ளை?"

"பத்து வருஷமாவது ஆகும், அத்தை."

"அப்ப அவசரமில்ல" என்றார் மாமியார். "நாளையிலேர்ந்து பிரஷர் பாக்க வராதீங்க."