சைக்கிள் பாரில் இருந்தவன்

1

இந்தக் கதையை ஒரு பகிடியிலிருந்து களவெடுத்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட வேண்டாம்.

பகிடியின் சொந்தக்காரருக்கு இங்கே கணேசலிங்கம் என்று பெயர் வைக்கிறேன். மொன்றியலில் செயின்ட்-மிஷேல் பக்கம் பிறந்தநாளோ, பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடோ எது நடந்தாலும், சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது, "மாமா, அந்தப் பிரான்ஸ் சைக்கிள் கதையைச் சொல்லுங்கோ" என்பார்கள். அவரும் வேண்டாம் வேண்டாம் என்றபடியே கதிரையை இழுத்துப் போடுவார்.

"ஏஜென்சிக்காரன் லொறியால இறக்கிவிட்டிட்டு, 'அந்தா, கடல் அந்தப் பக்கம், அங்கால லண்டன்' எண்டு கையைக் காட்டிப்போட்டுப் போயிட்டான். வட பிரான்ஸ். ஒரு மேடில்லை, ஒரு பள்ளமில்லை, தோசைக்கல்லு மாதிரிக் கிடக்குது. ஒரு மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால சைக்கிள் ஒண்டு நிண்டுது. நாங்கள் ரெண்டு பேர். நான் உழக்கிறன், மற்றவன் பாரில. எதிர வாற கார்க்காரர் எல்லாம் ஹோர்ன் அடிக்கிறாங்கள். எங்களுக்கெண்டால் சந்தோசம். வெள்ளையன் என்ன மாதிரி மரியாதை தெரிஞ்சவன், வழிப்போக்கனுக்கும் வணக்கம் சொல்லுறான். பாரில இருந்தவன் ஒருத்தரையும் விடாமல் கையைக் காட்டிக்கொண்டு வாறான்."

மண்டபம் சிரிக்கத் தொடங்கும்.

"அந்த நாட்டில வலப்பக்கம், நாங்கள் இடப்பக்கமாப் போறம் எண்டு ஆருக்கடா தெரியும்? யாழ்ப்பாணத்தில அதுதானே சரியான பக்கம்."

மண்டபம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

"பேந்து தூரத்தில ஒரு தண்ணித் தாங்கி தெரிஞ்சுது..." என்பார். உடனே கிளாசை எடுப்பார். ஒரு மிடறு. "அப்பிடி வந்து சேர்ந்த ஆக்களடா நாங்கள்." அவ்வளவுதான்.

(வந்து சேர்ந்தது அவர் ஒருவர். அந்த 'நாங்கள்' எங்கே போனது என்று ஒரு குருவியும் கேட்டதில்லை.)

2

முதல் தொடக்கம்: "பொன்னிறக் கோதுமை வயல்களின் நடுவே நிருஷா காற்றைப் போல..."

வேண்டாம். வட பிரான்சை நான் கண்ணால் கண்டதில்லை.

இரண்டாம் தொடக்கம் என் வேலையிடத்தில். கூட வேலை செய்யும் ஒருத்தி போன கோடையில் கணவனோடு அங்கே சைக்கிள் சுற்றுலா போய்வந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் போனைத் தட்டித் தட்டிப் படம் காட்டினாள். கால்வாய், கரையில் நெட்டை மரங்கள், ஒரு ஊரின் தேவாலயக் கூம்பில் நின்றால் அடுத்த ஊரின் கூம்பு தெரியும் வெட்டவெளி. "அங்கே ஒன்றுமே இல்லை, அதுதான் அழகு" என்றாள். மெர்சி என்று நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல. எனக்கு அந்தப் படங்களில் தெரிந்தது ஒன்றுதான்: ஒளிவதற்கு ஒரு பற்றைகூட இல்லை.

இதையும் விட்டேன். அவளைத் திட்டுவதற்கு ஒரு கதை தேவையில்லை.

மூன்றாம் தொடக்கம்: "நிருஷா சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுத்தாள்."

இது நிற்கட்டும். ஆனால் அதற்கு முன் அவள் யாரென்று சொல்லவேண்டும்.

3

குடும்பத்தில் முதன்முதல் பல்கலைக்கழக வாசலை மிதித்தவள் நிருஷா. வாயும் கொஞ்சம் கூடினவள். (நானல்ல. கேட்கவேண்டாம்.) தாய் அஜந்தாவின் இடுப்பில் இருந்தபடி மொன்றியலுக்கு வந்தவள். தகப்பன் அதற்கு முன்னமே வீட்டைவிட்டுப் புறப்பட்டவர். பரிஸ் நகரத்திலிருந்து ஒருமுறை தொலைபேசியில், "நாளைக்கு லண்டன் போயிடுவன்" என்றார். அதற்குப் பிறகு உடலும் இல்லை, செய்தியும் இல்லை. ஆகவே செத்தவீடும் இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் இல்லை.

ஆகவே அஜந்தா இன்றைக்கும் குங்குமம் வைக்கிறாள். கழுத்தில் தாலிக்கொடி. சாமத்தியவீடுகளில் ஆலாத்தி எடுக்க இரண்டு சுமங்கலிகள் வேண்டும் என்றால் அவளையும் கூப்பிடுவார்கள். தட்டை ஏந்தி அவள் மேடை ஏறும்போது பின்வரிசையில் நிரஞ்சனி அக்காவும் கூட்டாளிகளும் காதுக்குள் கதைப்பார்கள்.

"உவளின்ரை மனுசன் இருக்கிறானோ இல்லையோ, ஆர் கண்டது?"

"இல்லையெண்டு ஆரும் சொல்லேல்லைத்தானே. சொன்னால் பாப்பம்."

சொன்னால் பாப்பம். ஒரு ஆம்பிளை செத்தான் என்று யாருடைய வாயிலிருந்தாவது வந்துவிட்டால், உயிரோடிருக்கும் ஒருத்தி மேடையிலிருந்து இறங்கவேண்டும். எங்கள் சனம் இந்த நாட்டுக்கு வந்திறங்கியபோது எயர்போர்ட்டில் ஊறுகாயைக்கூடப் பறித்தார்கள். இந்தச் சட்டத்தை ஏன் விட்டார்களோ தெரியவில்லை.

4

போன வருடம் ஒரு பிறந்தநாளில் கணேசலிங்கம் கதைக்குள் புதிதாக ஒரு வரி சேர்த்தார்.

"கரியரில இரடா எண்டால் கேக்கிறானில்லை. கரியர் மா மூட்டைக்கும்..."

அவர் முடிக்கவில்லை, அஜந்தா சிரித்துவிட்டாள்.

"...மனுசிமாருக்கும்தானாம்" என்று அவர் முடித்தார். பிறகுதான் மண்டபம் சிரித்தது.

நிருஷா ரோல்ஸ் தட்டோடு நடுவில் நின்றாள். அந்த வரி அவளுக்கும் தெரியும். வளர்ந்த மனிதன், நீட்டுக் கால் நிலத்தில் இழுபட, எப்போதும் பாரில்தான் ஏறுவாராம் அப்பா. கேட்டால் இதையேதான் சொல்வாராம். தகப்பனைப் பற்றித் தாய் சொல்லிய கொஞ்ச நஞ்சத்தில் அது ஒன்று.

பகிடியைக் கேட்டுச் சிரித்தவர்கள் எல்லோரும் ஒரு பக்கம். பகிடி முடியுமுன் சிரித்த அஜந்தா தனியே.

[இங்கே எழுதுவதை நிறுத்திக் கொஞ்ச நாள் கோபித்துக்கொண்டிருந்தேன். என் அம்மா — நிருஷாவின் அம்மா — எப்போதிருந்து இதைத் தெரிந்து வைத்திருந்தாள் என்பதை எந்த வாக்கியத்துக்குள் வைத்தாலும் அந்த வாக்கியம் உடைந்தது.]

5

நிருஷாவைப் பிரான்சுக்கு அனுப்பினேன். அவள் போவாளா என்பது சந்தேகம்தான். ஆனால் மொன்றியலில் விட்டுவைத்தால் யாரையாவது அடித்துவிடுவாள். நானோ சமவெளி எப்படியிருக்கும் என்று அறிவதற்காகக் கரையோரப் பாதையில், மொன்றியல் தீவின் மேற்கு முனையான சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ வரை சைக்கிள் ஓடினேன். இனி வரும் முதுகுவலியும் எதிர்க்காற்றும் உண்மை. மிச்சம் பொய்.

நிருஷா சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுத்தாள். பையைக் கரியரில் கட்டினாள். கடல் இருக்கும் திசைக்கு உழக்கத் தொடங்கினாள். மேடு ஏறினால் எப்போதாவது இறக்கம் வரும். இங்கே அந்த ஆறுதலும் இல்லை. காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. வயலோரத்தில் கிண்டிய கிழங்குகள் சேறும் மண்ணுமாகக் குவிந்து கிடந்தன. தெருவில் ஆளில்லை, வாசலில் நாயில்லை.

மத்தியானம் ஒரு தண்ணீர்த் தாங்கி தெரிந்தது. சாம்பல் நிறம், ஒற்றைக் காலில் நின்ற காளான் மாதிரி. கிட்டப் போய், இறங்கி, தெருவோரப் புல்லை எல்லாம் பார்த்தாள். நிமிர்ந்தபோது அடுத்த ஊரின் தாங்கி தெரிந்தது. அதற்கு அங்காலும் ஒன்று. ஊருக்கொரு தாங்கி. கணேசலிங்கத்தின் கதையில் இருந்த ஒரேயொரு அடையாளம் அந்த வெளி முழுக்க நட்டுவைத்த மாதிரி நின்றது.

வழியில் முதலாம் உலகப் போரின் கல்லறை ஒன்று வந்தது. வெள்ளைக் கற்கள், வரிசை வரிசையாக. பலதில் பெயரில்லை, அறியப்படாத சிப்பாய் என்று மட்டும். ஒருவன் புல் வெட்டும் இயந்திரத்தில் ஏறியிருந்து வேலை செய்துகொண்டிருந்தான். நூறு வருடமாகியும் பெயர் தெரியாதவனுக்குப் புல்லு வெட்ட ஆள் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

வெளியே வந்து சைக்கிளில் ஏறினாள். தெருவைக் கடந்து இடப்பக்கத்துக்குப் போனாள்.

வேண்டுமென்றேதான்.

எதிரே ஒரு கார். ஹோர்ன் அடித்தது. நிருஷாவின் கை மேலே எழுந்து அசைந்தது. அடுத்த கணம் சைக்கிளோடு வாய்க்காலுக்குள் கிடந்தாள்.

கார்க்காரன் இறங்கி ஓடிவந்து பிரெஞ்சில் கத்தினான். மொன்றியலில் வளர்ந்தவளுக்கு அவன் கத்திய ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. விசரியா நீ, சாக ஆசையா.

"எங்கடை ஊரில இதுதான் சரியான பக்கம்" என்றாள், தமிழில்.

வந்தது காராக இல்லாமல் லொறியாக இருந்திருந்தால், உழக்குகிறவனுக்கு முன்னால் பாரில் இருக்கிறவனைத்தான் முதலில்

6

அடுத்த சாமத்தியவீடு. மேடைக்குப் பின்னால் அஜந்தா ஆலாத்தித் தட்டுக்கு வாழைப்பழத் துண்டுகளில் திரி குத்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இண்டைக்குக் கணேசலிங்கம் மாமாவிட்டைக் கேக்கப்போறன்."

"என்னத்தை?"

"தண்ணித் தாங்கிக்கு அங்கால என்ன நடந்தது எண்டு."

"பிரான்ஸ் போய் நல்லாக் கறுத்துப்போட்டாய்."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

அஜந்தா இன்னொரு திரியைக் குத்தினாள். "உனக்குப் பல்லு விழுற வயசு. முதல்தரம் அவர் அந்தக் கதையைச் சொல்லேக்கையே. கையைக் காட்டிக்கொண்டு வாறான் எண்டாரெல்லே. உன்ரை அப்பா சென்றிக் காவலில நிண்ட ஆமிக்காரனுக்கும் கை காட்டினவர். உலகத்தில வேற ஆர் அப்பிடிச் செய்வினம்?"

"அந்தாள் இவ்வளவு காலமும் மறைச்சிருக்கு."

"நான் கேக்கேல்லை, அவர் சொல்லேல்லை. எல்லா விசேசத்துக்கும் அவரைக் கூப்பிடச் சொல்லுறது ஆரெண்டு நினைக்கிறாய்? நான்தான்."

"ஏன்?"

"அவர் சொல்லேக்கை உன்ரை அப்பா பாரில இருக்கிறார். நீ கேட்டால் இறங்கிப்போடுவார்."

நிருஷாவுக்குக் கண் கலங்கியிருக்கவேண்டும். அவளுக்குக் கோபம்தான் வந்தது. "நீங்களும் மேடையால இறங்கவேண்டி வரும். அந்தப் பயம்தானே?"

"ஓம். அதுவும்தான். அந்தப் பின்வரிசை நாட்டாமையளுக்கு நான் ஏன் வழி விடவேணும்?"

ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட்டது. அஜந்தா சேலையைச் சரிசெய்து, திரிகளைக் கொளுத்தி, தட்டைத் தூக்கினாள்.

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

நிருஷா கேட்கிறாள், கணேசலிங்கம் அழுகிறார், அஜந்தா சபை நடுவே குங்குமத்தை அழிக்கிறாள். அடித்துவிட்டேன். பின்வரிசைக்கு நான் ஏன் படம் காட்டவேண்டும்?

நிருஷா கேட்காமல் வீட்டுக்குப் போகிறாள். அதையும் அடித்தேன். அப்படியானால் அந்த மனிதன் இன்னும் தெருவோரத்தில்தான் கிடக்கிறான், ஒரு பெயரும் இல்லாமல், புல்லு வெட்ட ஆளில்லாமல்.

அஜந்தா தானே ஒலிபெருக்கியைப் பிடுங்கி, "ஓம், என்ரை மனுசன் செத்துப்போனார், நான் ஆலாத்தி எடுப்பன், ஆர் கேக்கிறது?" என்கிறாள். இது எனக்குப் பிடித்த முடிவு. எனக்குப் பிடித்ததென்பதற்காக அவள் வாயில் திணிக்க முடியாது.

ஆக, முடிவு என்னிடம் இல்லை. இப்போது உங்களுக்கும் தெரியும். என்றைக்காவது ஒரு மண்டபத்தில் நீங்கள் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கக்கூடும். தூரத்தில ஒரு தண்ணித் தாங்கி தெரிஞ்சுது என்று சொல்லிவிட்டுக் கிளாசுக்குக் கை நீட்டுவார். அந்த நேரத்துக்கு, "பிறகு?" என்ற ஒரு சொல் போதும். எனக்கு அது வாயில் வரவில்லை. உங்களுக்கு வந்தால் கேளுங்கள்.

ஆனால் கேட்குமுன் ஒருதரம் மேடையைத் திரும்பிப் பாருங்கள். அம்மா அங்கே நின்றால், தட்டை இறக்கி வைக்கும் மட்டும் பொறுங்கள்.