பின்விறாந்தையில் இருந்த கேன்

மூன்றாவது கரண்டியை வாப்பா விழுங்கவில்லை. முகத்தைச் சுளித்தார். உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. தொண்டைக்குள் ஏதோ கரகரத்தது, கடைவாயால் தண்ணீர் வழிந்து தலையணையை நனைத்தது. பஸ்லியா கரண்டியைப் பிடித்தபடியே அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.

கட்டிலின் மறுபக்கம் குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதிக்கொண்டிருந்த அவளுடைய அண்ணன் அஸ்கி காக்கா, ஓதுவதை நிறுத்திவிட்டு வாப்பாவின் கண்களை மூடிவிட்டார்.

"ஸம்ஸம் தண்ணியோட போயிட்டாரு புள்ள. எத்தின பேருக்குக் கிடைக்கும் இது."

அறையில் நின்றவர்களும் அதைத்தான் சொன்னார்கள். மீராசா யாருக்கும் ஒரு பொல்லாப்பும் நினைக்காத மனிதர், அதனால்தான் மகளின் கையால் மக்கத்துப் புனிதத் தண்ணீர் குடித்து இப்படி ஒரு மௌத்து என்றார்கள். பஸ்லியா அழத்தான் வாயைத் திறந்தாள். அப்போது கட்டில் காலோடு ஒட்டி நின்ற வெள்ளைக் கேன் கண்ணில் பட்டது. அதன் அடியில் குளோரின் தூள் ஒட்டியிருந்தது. திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள்.

அந்தக் கேனை அவள் எடுத்தது பின்விறாந்தையில்.

சாய்ந்தமருதில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு வீட்டுக்குப் பின்னால் நீச்சல் தடாகம் கட்டிய ஒரே ஆள் அவளுடைய கணவன் றிஸ்மிதான். கட்டாரில் ஒரு ஹோட்டலின் தடாகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன். ஊருக்கு வந்ததும் கைக்கு வேலை இல்லாமல் நமைச்சல் எடுத்தது, தனக்கே ஒன்றைக் கட்டிக்கொண்டான். ஊர் அதற்கு 'றிஸ்மிட கடல்' என்று பெயர் வைத்துச் சிரித்தது. ஆனால் அந்தக் கடலுக்கு ஒரு நிரந்தர வாடிக்கையாளர் இருந்தார். உம்மாவை அலை கொண்டுபோன நாளிலிருந்து கடற்கரைப் பக்கம் தலைவைத்தும் படுக்காத வாப்பா, பின்னேரம் ஆனால் சாறனை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு தடாகத்தின் இரண்டாவது படியில் கால் நனைத்து உட்கார்ந்திருப்பார்.

கிணற்றுத் தண்ணீர் கடும் சுண்ணாம்புத் தண்ணீர். நீர்மட்டம் தொடும் இடமெல்லாம் வெள்ளைப் பொருக்கு கட்டிவிடும், கம்பித் தூரிகையால் தேய்த்தாலும் போகாது. அதற்கு அசிட்தான் மருந்து. தண்ணீரில் கலந்து வீரியம் குறைத்த அசிட்டைப் பொருக்கின்மேல் ஊற்றினால் சோடாப் போத்தலைத் திறந்ததுபோல் நுரைத்துக் கிளம்பும், தேய்த்துக் கழுவினால் அடியில் நீல ஓடு தெரியும். மிஞ்சியதை றிஸ்மி ஒரு வெற்றுக் கேனில் ஊற்றி வைத்தான். அஸ்கி காக்கா உம்றாவிலிருந்து கொண்டுவந்த இரண்டு ஸம்ஸம் கேன்களில் ஒன்று அது. மற்றதில் தண்ணீர் இன்னும் இருந்தது. ஸம்ஸம் என்று பெயர் எழுதிய கேனிலா அசிட் என்று வாப்பா ஒருமுறை கேட்டார். நாளைக்கே மாற்றிவிடுகிறேன் என்றான் றிஸ்மி. அந்த நாளை வரவே இல்லை.

நல்ல தண்ணீர்க் கேன் வாப்பாவின் அறை அலுமாரிக்குள் இருந்தது. காலையில் கட்டிலைத் தொழும் திசையான கிப்லாவுக்கு நேராகத் திருப்புவதற்காக அலுமாரியை வெளியே எடுத்தார்கள். உள்ளே இருந்தவற்றை யார் யாரோ எங்கெங்கோ வைத்தார்கள். மூச்சு இழுக்கத் தொடங்கியதும் பஸ்லியா கேனைத் தேடி வீடு முழுக்க ஓடினாள். பின்விறாந்தையில் குளோரின் வாளிக்குப் பக்கத்தில் ஒன்று நின்றது. எழுத்தைப் பார்த்தாள், தூக்கிக்கொண்டு வந்தாள். அவ்வளவுதான் அவளுக்கு நினைவிருந்தது.

றிஸ்மியைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"அசிட்டுக் கேன எங்க வெச்சிரிக்கிங்க?"

"பின்விறாந்தையில. வேற எங்க வெக்கிற?"

அவள் சொல்லச் சொல்ல அவனுடைய முகம் வெளிறிப்போனது. மணம் தெரியவில்லையா என்று கேட்டான். அவளுக்கு நாலு நாளாகத் தடிமன், மூக்கில் ஒன்றும் ஏறவில்லை, அறை முழுக்கச் சாம்பிராணிப் புகை வேறு. அவன் கதவை மெல்லச் சாத்தினான்.

"ஆருக்கிட்டயும் கதைக்காத. கதைச்சா பொலிஸ் வரும். மையித்தக் கொண்டுபோய் வெட்டுவாங்க. வாப்பாவ வெட்ட உடுவியா நீ?"

அதுவரை அவளுக்குப் பாதிப் பயமாக இருந்தது, அவனே கதவைச் சாத்திப் பேசியதும் முழுப் பயமாயிற்று. வாப்பாவைக் குளிப்பாட்டும்போது வாய்க்குள் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று போய்விட்டான்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஜனாஸா அடக்கம் அஸர் தொழுகைக்குப் பிறகு. பெண்கள் வந்து நிறைந்தார்கள். பஸ்லியாவைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவள் கட்டைபோல் இருந்தாள். பாவம், பிள்ளைக்கு அதிர்ச்சியில் கண்ணீர் வரவில்லை என்றார்கள். அவள் கரண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு கரண்டி, இரண்டு கரண்டி, மூன்றாவதில் முகம் சுளித்தார். முதல் கரண்டியில் சுளித்தாரா? கவனிக்கவில்லை. டொக்டர் நேற்றே நாள் குறித்துவிட்டார்தான். என்றாலும் நாக்கு எரிந்தா போனார்? வேண்டாம் என்று சொல்லத்தான் உதட்டை இழுத்தாரா?

பின்வளவில் சீலை கட்டி மறைத்துக் குளிப்பாட்டினார்கள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அது நின்று வெகுநேரத்துக்குப் பிறகு, நனைந்த சாறனோடு றிஸ்மி குசினி வாசலுக்கு வந்தான். அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நாக்கெல்லாம் வெள்ளயாக் கிடக்கு."

பிறகு, நோயாளியின் நாக்கு வெள்ளையாகத்தான் இருக்கும் என்றும் சொன்னான். அவனே அதை நம்பியதாகத் தெரியவில்லை.

உண்மை தெரியாமல் வாப்பாவைத் தூக்கவிடக் கூடாது என்று அப்போது பஸ்லியா முடிவெடுத்தாள். அசிட்தான் என்றால் அஸ்கி காக்காவிடம் சொல்வாள். பொலிஸ் வரட்டும், வெட்டட்டும், ஊர் துப்பட்டும். மண்ணுக்குள் போன பிறகு தெரிந்தால் அவள் எங்கே போய்ச் சொல்வது? கேனை எடுக்க அறைக்குப் போனாள். கட்டிலடியில் கேன் இல்லை.

கூடத்தில் வாப்பாவின் தங்கை சுபைறா மாமி சுவரோடு சாய்ந்து கிடந்தாள். சீனி வருத்தக்காரி, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, கண் செருகிவிட்டது. அஸ்கியின் மனைவி நதீரா கேனைச் சரித்து ஒரு கோப்பைக்குள் ஊற்றிக்கொண்டிருந்தாள். கோப்பை மாமியின் உதட்டுக்குப் போனது.

பஸ்லியா பாய்ந்து தட்டிவிட்டாள். கோப்பை உருண்டு போய் யாருடைய காலிலோ முட்டி நின்றது. ஓதிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"என்ட காக்காட வாயில ஊத்தின தண்ணி," என்றாள் மாமி, மெல்ல. "எனக்கு ஒரு முடறு தந்தா என்னகா புள்ள?"

பஸ்லியா கேனைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தாள். நதீரா என்னவோ கேட்டபடி பின்னால் வந்தாள். விடுங்கள், அவள் மனம் சரியில்லை என்று யாரோ தடுத்தார்கள்.

பின்வளவில் யாரும் இல்லை. தடாகத்துத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. வாப்பா படுக்கையில் விழுந்ததிலிருந்து யாரும் தேய்க்காததால் விளிம்பு முழுக்கப் பொருக்கு ஏறியிருந்தது. அவள் மூடியைத் திறந்து கொஞ்சம் மூடிக்குள் ஊற்றினாள். ஒரு துளி நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும். உதடுவரை கொண்டுபோனாள், கை அதற்குமேல் வரவில்லை. வாப்பாவுக்கு மூன்று கரண்டி ஊற்றியவளுக்குத் தன் நாக்கில் ஒரு துளி வைக்கத் துணிவில்லை. வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு வாப்பா உட்காரும் படிக்கு நேரே குந்தி, பொருக்கின்மேல் மூடியைக் கவிழ்த்தாள்.

நுரைக்கவில்லை. தண்ணீர் பொருக்கை நனைத்துக்கொண்டு கீழே வடிந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். ஈரம்தான்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுக்கு இப்போது அந்த ஈரத்திலும் நம்பிக்கை வரவில்லை. அசிட் பழசாகி வீரியம் போயிருந்தால்? மற்றக் கேன் எங்கே? வாளிகளுக்குப் பின்னால் பார்த்தாள். மோட்டர் அறைக்குள் குனிந்து போனாள். பம்புக்குப் பின்னால், கைக்கு எட்டாத மூலையில் அது நின்றது. அதில் இருந்த எழுத்தைப் பிளேட்டாலோ எதாலோ சுரண்டி எடுத்திருந்தார்கள். கழுத்தில் ஒரு துணித்துண்டு இறுக்கி முடிச்சுப் போடப்பட்டிருந்தது. பச்சைக் கட்டம் போட்ட துணி. வாப்பாவின் பழைய சாறன்.

மருமகனிடம் இரண்டாம் முறை சொல்லி அவனைச் சங்கடப்படுத்தும் மனிதர் அல்ல அவர்.

முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. கேனைச் சரித்து, மூடியைத் தளர்த்தி, ஈரமாய் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் சொட்டவிட்டாள். சுர்ரென்று வெள்ளை நுரை எழும்பியது. அது அடங்கிய இடத்தில் ஓர் உள்ளங்கை அளவுக்கு நீலம் தெரிந்தது.

வீட்டுக்குள் கலிமாச் சத்தம் உயர்ந்தது. அவள் அசிட்டுக் கேனைப் பழைய மூலையிலேயே வைத்துவிட்டு, மற்றதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

கூடத்தில் வாப்பாவைக் கிடத்தியிருந்த சந்தூக்கைத் தூக்க ஆண்கள் குனிந்துகொண்டிருந்தார்கள். முன்காலைப் பிடித்திருந்த றிஸ்மி அவளைக் கண்டான், அவளுடைய கையில் இருந்த கேனைக் கண்டான், அப்படியே நின்றுவிட்டான். தூக்குங்க மச்சான் என்றார் அஸ்கி. அவன் அசையவில்லை.

பஸ்லியா தரையில் கிடந்த கோப்பையை எடுத்து நிறைய ஊற்றினாள். அவனைப் பார்த்தபடியே ஒரு முடறு குடித்தாள். தண்ணீர் லேசாகக் கரித்தது. அவளுடைய முகம் சுளித்தது, உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

றிஸ்மி குனிந்து தோளைக் கொடுத்தான். அவள் கோப்பையை மாமியின் கையில் வைத்துவிட்டு, அவளுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.