சென்னிமலையின் குடல் விழித்த கதை

கருமத்தம்பட்டித் தறிக்காரர் சென்னிமலைக்குக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இதய ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது, கண்ணுகளா. வயிறு மட்டும் நாளுக்கு நாள் பூசணிக்காய் மாதிரி உப்பிக்கொண்டே வந்தது.

வார்டு டாக்டரம்மா வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். "காத்துப் பிரிஞ்சுதுங்களா?"

"சீச்சீ! அதெல்லாம் இல்லீங்க அம்மணி." சென்னிமலை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

டாக்டரம்மாவுக்குக் கவலையாகிவிட்டது. சென்னிமலையின் மனைவி பழனாத்தாளை ஓரமாக அழைத்தார்.

"ஆபரேஷன் அப்ப இதயத்தை நிறுத்திட்டு மெஷின்தானுங்க ரத்தத்தை ஓட்டுச்சு. அந்நேரம் குடலுக்கு ஆக்சிஜன் கொறஞ்சிருக்கலாம். பல பேருக்குக் குடல் கொஞ்சம் தூங்கிப்போட்டு எந்திரிச்சுக்கும். எங்கியாச்சும் அழுகியிருந்தாத்தான் ஆபத்து. சாயங்காலத்துக்குள்ள காத்துப் பிரியலீன்னா வயித்தைத் தொறந்து பாக்கோணுமுங்க."

பழனாத்தாள் பதறி ஓடினாள். கட்டிலுக்கு வந்து பார்த்தால், மனிதர் காலோடு கால் பின்னி, பல்லைக் கடித்து, வியர்த்து வழிகிறார். இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு அந்த முகம் தெரியாதா?

"ஏனுங்க, அடக்கீட்டா கெடக்கறீங்க?"

"மெதுவாப் பேசு புள்ள! அந்த டாக்டரம்மணி யாரு? நம்ம பையன் மனோஜ்குமாருக்குக் கல்யாணம் பேசியிருக்கற புள்ளையோட சித்தி. திரைக்கு அந்தப்பக்கம்தான் உக்காந்திருக்காங்க. நர்சுகிட்டச் சொன்னாலும் அவங்ககிட்டத்தான் போய் ஒப்பிக்கறா. சம்பந்தி ஊட்டுக்காரங்க நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

"நல்லா இருக்குது உங்க மருவாதி! குடல் செத்துப்போச்சோன்னு வயித்தை அறுக்கப் போறாங்க, தெரியுமா?"

"அறுக்கறதா?"

திடுக்கிட்டதில் பின்னிய கால் அவிழ்ந்தது. அவ்வளவுதான். கருமத்தம்பட்டி விசைத்தறி அத்தனையும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கின மாதிரி ஒரு சத்தம்.

பக்கத்துக் கட்டில் தறிக்காரர் ஜெரோம் கண் விழித்து, "ஏனுங்க, கரண்டு வந்துருச்சுங்களா?" என்றார்.

டாக்டரம்மா திரையை விலக்கி ஓடிவந்தார். சென்னிமலை போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டார். வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்ட டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது.

"குடல் நல்லா முழிச்சிருச்சுங்க. அறுக்க வேண்டாம். கஞ்சி குடுக்கலாம்."

போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. "பழனாத்தா, கல்யாணம் உண்டான்னு கேளு."

"உண்டுங்க சம்பந்தி," என்றார் டாக்டரம்மா, சிரிப்பை அடக்க முடியாமல். "மேளத்துக்கு மட்டும் வேற ஆளைப் பாத்துக்கலாமுங்களா?"