ஒன்பது நிமிஷத் தாமசம்

"நீதானே நீளம்னு சொன்னே? அதான் வெட்டிட்டேன். இப்ப நாலு நிமிஷந்தான்."

போனைப் பார்த்தபடியே ரதீஷ் சொன்னான். குரலில் கோபமே இல்லை. அதுதான் திவ்யலட்சுமியை உறுத்தியது. கழக்கூட்டத்தில் ஒரே அலுவலகத்தில் அவர்களுக்கு அடுத்தடுத்த நாற்காலி. சாயங்காலம் கிழக்கேகோட்டை பஸ்ஸிலும் அப்படியே. அவனும் இரண்டு நண்பர்களும் இரண்டு வருஷத்துச் சனி ஞாயிறுகளைத் தின்னக் கொடுத்து ஓர் ஆல்பம் முடித்திருந்தார்கள். கிடார், பேஸ், டிரம்ஸ். பாட மட்டும் ஆள் கிடையாது. இன்று ஆறு மணிக்குள் இணையத்தில் ஏற்றியாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை வேலைக்கு நடுவே அரைக் காதாக அவள் அதைக் கேட்டிருந்தாள். அதில் நாலாவது இசைத்துண்டின் பெயர் 'தாமசம்'. அவள் சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் மகள். லாரி தாமசம், சரக்கு தாமசம் என்று அப்பா புலம்பாத நாள் இல்லை. பேருக்குப் பொருத்தமாக ரொம்பத்தான் தாமசம் என்று சிரித்துவைத்தாள். அவனும் கூடச் சிரித்தான். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் வெட்டியிருக்கிறான்.

"பின்ன, தாமசம்னா லேட்டுதானே?"

"எடீ, மலையாளத்துல 'எவிடெயா தாமசம்'னு கேக்க மாட்டாங்களா? குடியிருக்கிறது. அச்சனுக்கு டிரான்ஸ்ஃபர் ஆகி ஆகி நாங்க ஏழு வீடு மாறினோம். ஒரு இடத்துல சும்மா இருந்தா எப்படி இருக்கும்னு வாசிச்சுப் பாத்தேன். அதாக்கும் அது."

அவள் வெட்டாத ஒன்பது நிமிஷத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

நெடுஞ்சாலையில் பஸ் நின்றுவிட்டிருந்தது. கிடாரில் இரண்டே இரண்டு சுரங்கள். ஒன்று கூப்பிட, மற்றது அவசரமே இல்லாமல் வந்து சேர்ந்தது. பேஸ் எப்போது நுழைந்தது என்று தெரியவில்லை; பஸ்ஸின் எஞ்சின் என்றே நினைத்திருந்தாள். அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை. நடக்க வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை. முன்னால் எத்தனை வண்டி நிற்கிறது என்று எட்டிப் பார்க்கிற வழக்கம்கூட இன்று மறந்துபோயிற்று. ஏழாவது நிமிஷத்தில், மெத்தையைத் தட்டிப் போடுவதுபோல டிரம்ஸ் வந்தபோது கண் நனைந்தது. துக்கமில்லை. சாமான்களையெல்லாம் எடுத்துவைத்து முடித்த வீட்டில், வெறுந்தரையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்ட மாதிரி. பஸ் நகர்ந்துவிடக் கூடாதே என்றிருந்தது.

முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றினாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். மணி ஐந்து ஐம்பத்திரண்டு. வெட்டிய நாலு நிமிஷத்தைத் தேர்ந்துவைத்துக்கொண்டு அவன் போனில் 'தாமசம்' என்று எழுத்தெழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தான். நன்றாயிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தச் சொல் அவளுக்கே சின்னதாகப் பட்டது.

"நான் அன்னிக்குச் சொன்னது மண்டத்தரம், சுத்த முட்டாள்தனம். அது நீளமே இல்ல," என்றாள். "முழுசையே ஏத்துவியாடா, ரதீஷே?"