பாடத்தில் இல்லாத பத்தாவது கேள்வி

அந்த வகுப்புக்கு ஒரே ஒரு கேள்விதான் தெரியும்.

"மேடம், இது பரீட்சைக்கு வருமா?"

அதைக் கேட்பதற்கென்றே ஜன்னலோரத்தில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவன் பெயரே 'வருமா' என்று ஆகிவிட்டது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப்பதிவில் மட்டும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவன் கேட்டு, 'வரும்' என்று பதில் வந்தால் வகுப்பு முழுவதும் பேனா மூடிகள் கழலும். 'வராது' என்று வந்தால், கடையில் சரக்கு இல்லை என்று சொன்ன மாதிரி, எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் ஃபோனுக்குப் போகும். இதில் கோபம், தாபம் எதுவும் கிடையாது. சுத்தமான வியாபாரம்.

பதில் சொல்லும் இடத்தில் நின்றவள் புள்ளியியல் ஆசிரியை. அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, 'சராசரி மேடம்'. முதல் நாளே சராசரியைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிய குற்றத்துக்குக் கிடைத்த தண்டனை அது. அவள் அதற்காக வருத்தப்படவில்லை. பக்கத்து வகுப்பில் பாடம் எடுப்பவருக்குத் 'தாலாட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்கு இது எவ்வளவோ மேல்.

வணிகவியல் இறுதியாண்டுப் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் என்பது கண்ணை மூடிக்கொண்டு விழுங்க வேண்டிய மாத்திரை. பட்டம் வேண்டும், பட்டத்துக்கு இந்தப் பேப்பர் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவளுக்கோ, என்ன பாவம் செய்தாளோ, இந்தப் பாடம் உயிர். எண்களைப் பார்த்தால் அவள் கண் விரியும். பரவல் வரைபடத்தைப் பலகையில் போடும்போது, மேடு எங்கே வரும் பள்ளம் எங்கே வரும் என்று அவளே ஆவலாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். திரும்பிப் பார்த்தால் வகுப்பு கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும்.

அவள் வேலை தற்காலிகம். அரையாண்டிலும் ஆண்டுக் கடைசியிலும் மாணவர்கள் ஃபோனில் ஆசிரியருக்கு ஸ்டார் போடுவார்கள். கடைசியில் ஐந்துக்கு நான்கு வந்தால்தான் அடுத்த ஆண்டு வேலை உண்டு. அரையாண்டில் அவளுக்கு வந்தது மூன்றுதான். துறைத்தலைவர் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அதன்பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். நல்ல மனிதர்தான். ஆனால் ஏதோ மேலாண்மைப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து ஒரே பாட்டு.

"மாணவர்கள்தாம்மா நம்ம கஸ்டமர். கஸ்டமர் முகம் சுளிச்சா என் கையில ஒண்ணும் இல்ல. வருஷக் கடைசியில நாலு வரலைன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்."

வீட்டில் அம்மாவிடம் சொன்னாள். அம்மா துணி மடித்தபடியே தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"அதுங்க கேக்கறதைக் கொடுத்துட்டுப் போயேண்டி. நீ ஏன் கேக்காததை எல்லாம் கொடுத்துக் கெட்ட பேர் வாங்கிக்கிற?"

அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

பரீட்சை நெருங்கியபோது வருமா எழுந்து நின்றான். கூடவே, 'லாரி' என்று எல்லோரும் கூப்பிடும் பெரிய உடம்புக்காரனும், இரண்டாவது பெஞ்சில் உட்காரும் பெண்ணும் எழுந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு 'வக்கீலம்மா' என்று பெயர். சும்மா இருக்கும் சண்டையையும் சட்டம் பேசிப் பெரிதாக்குவாள்.

"மேடம், சுத்தி வளைக்காம பேசிடலாம்," என்றான் வருமா. "முக்கியமான கேள்வி பத்து கொடுங்க. நாங்க அஞ்சு ஸ்டார் போடறோம். உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

"இது லஞ்சம் இல்லையாப்பா?"

"ஐயோ, ஒப்பந்தம் மேடம்," என்றாள் வக்கீலம்மா.

கோபம் வரவேண்டிய இடம். அவளுக்கு வரவில்லை. களைப்புதான் வந்தது. சரி, என்னவோ ஆகட்டும் என்று சாக்பீஸை எடுத்தாள்.

அன்று காலை அவள் பேருந்துக்காக நெடுநேரம் நின்றிருந்தாள். வராமல் வராமல் கடைசியில் ஒரே எண்ணில் இரண்டு பேருந்துகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. முன்னால் வந்ததில் கால் வைக்க இடமில்லை. பின்னால் வந்தது காலியாகக் கிடந்தது. ஏன் இப்படி என்று வழி நெடுக யோசித்துக்கொண்டே வந்தாள். பலகையில் ஒன்பது கேள்வி எழுதும்வரைகூட மனதின் ஒரு மூலை அந்தப் பேருந்திலேயே உட்கார்ந்திருந்தது. கை எழுதிக்கொண்டே போனது. பத்தாவதாக எழுதியது இது:

'சம இடைவெளியில் புறப்படும் பேருந்துகள் ஏன் சேர்ந்தே வந்து சேருகின்றன? விளக்குக.'

'விளக்குக' என்று வேறு போட்டுவிட்டாள். பரீட்சைக் கேள்விக்கு அதைவிட வேறென்ன லட்சணம் வேண்டும்? மணி அடித்தது. எல்லோரும் பலகையைப் படம் பிடித்துக்கொண்டார்கள். ஆசிரியர் அறையில் முதல் வாய் டீ உள்ளே போனபோதுதான் என்ன எழுதினோம் என்பது உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டாள். அது பாடத்தில் இல்லை. புத்தகத்தில் இல்லை. எந்த ஜென்மத்திலும் பரீட்சைக்கு வராது.

நாளைக்கு முதல் வேலையாக அழித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் வகுப்புக்குள் நுழைந்தால் சந்தைக்கடை. ஒருவரும் அவளைக் கவனிக்கவில்லை.

"ஒன்பதுக்கும் பதில் புக்குல இருக்கு மேடம். இந்தப் பத்தாவதுக்கு மட்டும் எங்கேயுமே இல்ல," என்றான் வருமா. அவன் முகத்தில் ஏமாந்தவனின் ஆத்திரம். "போன வருஷத்து நோட்ஸ்லயும் இல்ல."

"டிரைவருங்க பேசி வச்சுக்கிட்டு வர்றாங்கன்னு நான் சொல்றேன்," என்றான் லாரி.

"ஆதாரம் இருக்கா? சிக்னல்தான் காரணம்," என்றாள் வக்கீலம்மா.

"எங்க ரூட்ல சிக்னலே கிடையாது. அங்கயும் சேர்ந்துதான் வருது."

"அப்போ நீ நின்னு பார்த்தியா?"

"இன்னைக்கு சாயங்காலம் பாக்கறேன், போதுமா?"

சராசரி மேடம் வாயைத் திறந்தாள். அந்தக் கேள்வி தவறுதலாக வந்துவிட்டது என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதான். ஆனால் மூன்று வருடமாகத் தூங்கிய வகுப்பு கண்முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. அதைப் போய் யாராவது தட்டித் தூங்கவைப்பார்களா? ஸ்டார் பயமும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. பயம் பாதி, சந்தோஷம் பாதி. இரண்டும் சேர்ந்து அவள் வாயைக் கட்டிவிட்டன.

அதற்குப் பிறகு பிள்ளைகள் செய்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. நிறுத்தத்தில் நின்று நேரம் குறித்தார்கள். குறித்ததை வைத்துச் சண்டை போட்டார்கள். ஒருவன் பேருந்துகளின் இடைவெளிக்குச் சராசரி போட்டுக்கொண்டு வந்து, "மேடம், சராசரி சரியாத்தான் இருக்கு, ஆனா எந்த பஸ்ஸும் அந்த இடைவெளியில வரல," என்று குழம்பி நின்றான். அவளுக்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சராசரியைச் சுற்றி எண்கள் சிதறும் பரவலைப் பற்றி அரை வருடம் தொண்டை கிழியக் கத்தியும் ஏறாதது, இப்போது அவனே நடந்து வந்து கேட்கிறான்!

கடைசியில் ஒரு நாள் மதியம் தாழ்வாரத்தில் பேருந்தே விட்டுவிட்டார்கள். லாரிதான் முன் பேருந்து. அவன் பெயருக்கு அது ஒரு பதவி உயர்வு. வருமா பின் பேருந்து. தாழ்வாரத்தில் நாற்காலி போட்ட இடமெல்லாம் நிறுத்தம். வக்கீலம்மா கைதட்டத் தட்ட, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஓர் ஆள் வந்து நிற்க வேண்டும். பேருந்து வந்தால் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து ஏறிக்கொள்ள வேண்டும். எல்லோரும் ஏறும்வரை பேருந்து நகரக்கூடாது.

இரண்டும் நல்ல இடைவெளியில்தான் கிளம்பின. இரண்டாவது நிறுத்தத்தில் லாரியின் செருப்பு வார் அறுந்தது. குனிந்து சரிசெய்தான். அவ்வளவுதான் தாமதம். அதற்குள் கைதட்டல் ஓடி, அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டம் ஏற நேரமாயிற்று. நேரமாக ஆக, அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் கூட்டம். லாரி பின்னால் ஊர்வலமே தொங்க, மூச்சு வாங்கிக்கொண்டு நகர்ந்தான். பின்னால் வந்த வருமாவுக்கோ எந்த நிறுத்தத்திலும் ஏற ஆளில்லை. வீசிய கையோடு நடந்து வந்து லாரி ஊர்வலத்தின் வாலில் இடித்து நின்றான்.

வருமா திரும்பி, தான் வந்த காலியான நிறுத்தங்களைப் பார்த்தான்.

"யார் மேலயும் தப்பில்லடா," என்றான் வருமா மெதுவாக. "லேட்டான பஸ்ஸு லேட்டாகிட்டே போகும். பின்னாடி வர்றது காலியா இருக்கும், அதனால வேகமா வந்துடும். யாரும் வேணும்னு பண்ணல. அதுவா அப்படி ஆயிடுது!"

தாழ்வாரம் அதிரக் கத்தினார்கள். தாலாட்டின் வகுப்பிலிருந்துகூடப் பிள்ளைகள் விழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். சராசரி மேடம் தூணருகே நின்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இனி வேலை போனாலும் பரவாயில்லை என்று அந்த நிமிடம் நிஜமாகவே நினைத்தாள். வீட்டுக்குப் போனபிறகு பரவாயில்லை என்று தோன்றவில்லை, அது வேறு விஷயம்.

கடைசி வகுப்பு வந்தது. அந்த வகுப்பு முடியும்போது ஃபோனில் ஸ்டார் போட வேண்டும். வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஐந்து நிச்சயம். பரீட்சை வந்து, குட்டு வெளிப்படும்போது அவள் வேலை உறுதியாகியிருக்கும். அம்மாவைக் கேட்டிருந்தால், சத்தியமாக வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லியிருப்பாள்.

"ஒரு விஷயம்," என்றாள். "அந்தப் பத்தாவது கேள்வி பரீட்சைக்கு வராது. நான் வேற ஞாபகத்துல எழுதிட்டேன். அன்னைக்கே தெரிஞ்சிடுச்சு, மறுநாள் அழிக்கத்தான் வந்தேன். ஆனா நீங்க எல்லாரும் அவ்வளவு ஆசையாப் பேசிக்கிட்டிருந்தீங்க... சொல்ல மனசு வரல. தப்பு என்னோடதுதான்."

முதலில் லாரியின் குரல் பரிதாபமாக வந்தது. "அப்போ என் செருப்பு அறுந்தது?"

சிலர் சிரித்தார்கள். வருமா சிரிக்கவில்லை.

"நாங்க எத்தனை நாள் மெனக்கெட்டோம் மேடம். மத்த ஒன்பதைக்கூட விட்டுட்டு இதையே புடிச்சுத் தொங்கினோம். இது மோசடி இல்லையா?"

"மோசடிதான்ப்பா," என்றாள் அவள். வேறு என்ன சொல்வது?

அவன் ஃபோனை எடுத்து, அவள் பார்க்கும்படியாகவே ஒற்றை ஸ்டாரை அழுத்திவிட்டு வெளியே போனான்.

நான்கு வரவில்லை. மயிரிழையில் தவறியிருந்தது. துறைத்தலைவர் அவளைக் கூப்பிட்டு, உட்காரவைத்து, மறுபடியும் தண்ணீர் கொடுத்தார். தண்ணீரைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"என்னம்மா இது? அரையாண்டுல எல்லாரும் மூணு போட்டிருந்தாங்க. இப்போ கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேர் அஞ்சு, மிச்சப் பேர் ஒண்ணு. இப்படி ஒண்ணு நான் பார்த்ததே இல்ல. இருந்தாலும்..."

அவர் 'இருந்தாலும்' என்று இழுத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. வருமா. பின்னால் வக்கீலம்மா, லாரி, அதற்குப் பின்னால் தாழ்வாரம் முழுக்கத் தலைகள்.

"புகார் கொடுக்க வந்திருக்கோம் சார்," என்றான் வருமா.

"போட்ட ஸ்டார் போதாதாப்பா?" என்றார் துறைத்தலைவர். அவளுக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது.

"ஒண்ணு போட்டதுல நானும் ஒருத்தன். இவங்க எங்களை ஏமாத்தினாங்க, அதனால போட்டேன். அதை மாத்த மாட்டேன். ஆனா இவங்களை அனுப்பப் போறீங்கன்னு கேள்விப்பட்டோம். கடையில ஒரு பொருள் சரியில்லன்னு சண்டை போடறது வேற சார், கடையையே மூடச் சொல்றது வேற. மூடுங்கன்னு நாங்க எப்போ சொன்னோம்?"

"நாங்கதானே சார் கஸ்டமர்?" என்றாள் வக்கீலம்மா. "கஸ்டமர் கேக்கறோம். நாங்க போனாலும் எங்க ஜூனியருக்கு இவங்கதான் வேணும்."

துறைத்தலைவர் தன் வலையில் தானே மாட்டிக்கொண்டவர் போல விழித்தார். "அப்படி என்னதான்ப்பா சொல்லிக் கொடுத்துட்டாங்க?"

கேட்டிருக்கக் கூடாது. வருமா மேசையிலிருந்த தண்ணீர் தம்ளரை எடுத்து முன் பேருந்தாக்கினான். அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு பின் பேருந்து. பேனாக்கள் எல்லாம் பயணிகள். லாரி நடுநடுவே தன் செருப்பைப் பற்றிய விவரங்களைச் சேர்த்தான். துறைத்தலைவர் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் பேனாக்களைப் பார்த்தார். அப்புறம் எழுந்து மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து, தானே ஒரு பென்சிலை எடுத்து நிறுத்தத்தில் வைத்தார். வாசலில் யாரோ வந்து கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னதற்கு, இருங்கள் என்று கையைக் காட்டினார்.

"அட, ஆமாம்," என்றார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். "ஆனா ஒண்ணு இடிக்குதே. போன வாரம் நான் நின்னப்போ மூணு சேர்ந்து வந்துச்சு. உன் கணக்குப்படி ரெண்டாவது ஓடிப்போயி முதலாவதோட ஒட்டிக்கிட்டா, மூணாவதுக்கு முன்னால நிறைய கூட்டம் சேர்ந்திருக்கணும். அது லேட்டால்ல ஆகணும்? அது எப்படி வந்து சேர்ந்துச்சு?"

வருமா தம்ளரைப் பார்த்தான். கண்ணாடிக் கூட்டைப் பார்த்தான். வக்கீலம்மாவைப் பார்த்தான், அவளும் உதட்டைப் பிதுக்கினாள். அறையில் இருந்த அத்தனை பேரும் சராசரி மேடம் பக்கம் திரும்பினார்கள். அவள் கண் ஏற்கெனவே விரிந்திருந்தது.

"அது எங்களுக்கு இன்னும் தெரியல சார்," என்றான் வருமா. "அதுக்குத்தான் மேடம் வேணும்னு சொல்றோம்."