அஜாப் மரத்தடியில் கேட்ட குரல்

மெகான் ஊரில் புதர்மானைக் கூப்பிடுவதில் அலோகோவை மிஞ்ச ஆள் கிடையாது. இதை ஊர் ஒரு தடவை சொன்னால் அலோகோ பத்துத் தடவை சொல்வான். இரண்டு விரலால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடிபட்ட குட்டி கத்துகிற மாதிரி தொண்டைக்குள்ளிருந்து கம்மலாக ஒரு சத்தம் விடுவான். எங்கோ புதருக்குள் படுத்திருக்கும் மான் எழுந்து, காதை விறைத்துக்கொண்டு, அவன் துப்பாக்கிக்கு நேராக வந்து நிற்கும். கெட்டிக்காரன்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் மானைக் கூப்பிட்டு முடித்த பிறகும் அந்த வாய் மூடாது. அதுதான் கேடு.

அந்த வாயில் தினமும் அரைபட்டவன் அவனுடைய தம்பி எகோமி. மரம் வெட்டுவான், மீன் பிடிப்பான், கூரை வேய்வான். மானைக் கூப்பிட மட்டும் வராது. சின்ன வயதில் ஒரு தடவை முயற்சி பண்ணியபோது, மானுக்குப் பதிலாக ஊர் ஆடு ஒன்று ஓடி வந்துவிட்டது. அதற்கப்புறம் அந்த ஆட்டுக் கதையை அலோகோ சொல்லாத கல்யாணமில்லை, சாவில்லை. எகோமியும் மற்றவர்களோடு சேர்ந்து சிரிப்பான். சிரிக்காமல் என்ன செய்வான்?

அந்த வருஷம் அஜாப் காய்த்தது. அது வருஷா வருஷம் காய்க்கிற மரமில்லை. இரண்டு வருஷம் சும்மா நிற்கும், மூன்றாவது வருஷம் கொட்டித் தீர்க்கும். மேலே குரங்குகள் பாதி தின்று பாதி எறியும். விழுந்த பழத்துக்கு மான் வரும், பன்றி வரும், எலி வரும். வாசனை பிடித்துக்கொண்டு எங்கிருந்தோ யானைகள் வந்து சேரும். ஆண்களுக்குப் பழம் தரையிலேயே கிடக்க வேண்டும், அப்போதுதான் கறி கிடைக்கும். பெண்களுக்கு எலி கடிப்பதற்கு முன்னால் விதை வேண்டும், அதில்தான் எண்ணெய் இருக்கிறது. இந்த இழுபறி எல்லா வீட்டிலும் உண்டு. இந்தக் குடும்பத்தில் மரம் ஒன்று, வீடு இரண்டு. கண்டுபிடித்து, அடியைச் சுத்தம் பண்ணி மரத்தைக் குடும்பத்துக்கு ஆக்கியவர் அப்பா. அவர் போன பிறகு மூத்தவன் அலோகோ வைத்ததுதான் சட்டம்.

ஆண்கள் கூடும் அபா கொட்டகையில் ஒருநாள் சாயங்காலம் எகோமி மெல்ல ஆரம்பித்தான்.

"அண்ணே, இந்த வாரம் விதை பொறுக்கிக்கலாமா? பாதிய எலி தின்னுடுச்சு. எண்ணெய் எடுக்கணும்னு அஃபோமே சொல்றா."

"இப்பவே பொறுக்கிட்டா மான் எதுக்குடா வரும்? உன் பொண்டாட்டி மூஞ்சியப் பாக்கவா?"

கொட்டகை சிரித்தது.

"பழம் விழ ஆரம்பிச்சதுலேருந்து நீதானே சுடுறே. எங்களுக்கும் ஒரு நாள் விடேன்."

"விட்டா? நீ கூப்பிடப் போறியா? ஏ, கேட்டீங்களா, இவன் கூப்பிடப் போறானாம். மான் வரும்டா, வராம இருக்காது. யாருக்கோ தொண்டை கட்டியிருக்குன்னு கஷாயம் வச்சு எடுத்துக்கிட்டு வரும்."

ஊர்ப் பெரியவர் எபாங்கூடச் சிரித்துவிட்டார். சிரிப்பு கிடைத்தால் அலோகோவுக்குத் தலைகால் புரியாது. எழுந்து நின்றுகொண்டான்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இவன் என்னைக்கு அவன் சொந்தத் தொண்டையால ஒரு மானக் கூப்பிட்டு அடிச்சுக் கொண்டாறானோ, அன்னைக்கே அஜாப் இவனுக்கு. கறியும் இவனுக்கு, விதையும் இவனுக்கு. நான் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்."

"எல்லாரும் சாட்சி அண்ணே," என்றான் எகோமி. அவன் அன்று சிரிக்கவில்லை. மரவள்ளிக் கூடையோடு வெளியே நின்றிருந்த அவன் மனைவி அஃபோமேவும் சிரிக்கவில்லை. உள்ளே கடைசி ஆள் சிரித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றுவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் விடிந்ததும் அலோகோ துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். பழ மரத்துக்குப் போகிறவன் பாதை பிரிகிற இடத்தில் ஒரு குச்சியை நட்டு, அதில் இலையை மடித்துச் செருகிவிட்டுப் போக வேண்டும். உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். இலையைப் பார்த்தவன் திரும்பிவிடுவான். இந்தக் காட்டில் ஒருவனை ஒருவன் சுட்டுக்கொள்ளாமல் இருப்பது அந்த ஒரு இலையால்தான்.

பாதை பிரிகிற இடத்தில் இலையும் இல்லை, குச்சியும் இல்லை. பாதையே இல்லை. விடியலுக்குச் சற்று முன்னால் யானைகள் அந்த வழியே போயிருந்தன. செடிகொடியெல்லாம் மிதிபட்டுச் சேறாகிக் கிடந்தது. சாணம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதில் அஜாப் விதைகள் கழுவி வைத்தாற்போல் முழுசு முழுசாகத் தெரிந்தன. யானை போன பாதையில் இலையை நம்பக்கூடாது என்பது மெகானில் நடக்கப் பழகிய பிள்ளைக்கும் தெரியும். யானை போயிருந்தால் கத்தியின் முதுகால் ஒரு மரத்தில் மூன்று தட்டுத் தட்ட வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் பதிலுக்குத் தட்டுவான்.

அலோகோ கத்தியை உருவவும் செய்தான். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

அஜாப் இருந்த பக்கம் ஒரு மான் கத்தியது. கம்மலாக, இழுத்து, முடிவில் லேசாக உடைகிற கத்தல். ஏதோ சிறுத்தை கடித்துவிட்டுப் போன மான் என்று நினைத்தான். தட்டினால் ஓடிவிடும். மனிதன் கத்தினால் தெரியாதா எனக்கு? இந்த ஊரில் என்னைத் தவிர இப்படிக் கத்த எவன் இருக்கிறான்? இப்படித்தான் அவன் நினைத்தான். கத்தியை மறுபடி உறைக்குள் போட்டான்.

பனி இறங்கியிருந்தது. இலை மறைவில் செம்மண் நிறத்தில் ஏதோ அசைந்தது. மறுபடி ஒரு கத்தல் வந்தது, முன்னைவிட நயமாக. அலோகோ சுட்டான்.

மான் விழுந்தால் கால் உதைக்கிற சத்தம் வரும். இங்கே, "அண்ணே," என்று வந்தது.

எகோமி மரத்தடியில் பழங்களுக்கு நடுவில் மல்லாந்து கிடந்தான். துவைத்துத் துவைத்துச் செம்மண் ஏறிப்போன பழைய சட்டை. இரவல் துப்பாக்கி பக்கத்தில் கிடந்தது. குண்டுச்சிதறல் கழுத்துக்குக் கீழே நெஞ்செல்லாம் இறங்கியிருந்தது. அலோகோ சட்டையைக் கழற்றி அங்கே அழுத்தினான்.

"இலை வச்சேன் அண்ணே."

"தெரியும்டா. யானை. பேசாத."

"நம்பிட்டியா?"

அலோகோவுக்கு முதலில் புரியவில்லை. தம்பியின் முகத்தில் வலிக்கு நடுவிலும் ஏதோ ஒன்று காத்துக்கொண்டிருந்தது.

"நெசம் மானுன்னு நம்பிட்டியா? ஒரு வருஷமா அடுப்படியில, பானைக்குள்ள வாயை வச்சுக் கத்திப் பழகினேன். அஃபோமே தினமும் உக்காந்து கேப்பா. உங்க அண்ணனே ஏமாந்துடுவாருன்னு அவதான் சொன்னா."

"பேசாதன்னு சொல்றேன்ல. ரத்தம் போகுது."

நல்லாத்தான் இருந்தது என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தம்பியைத் திட்டியே பழகிய நாக்கு அந்த நேரத்திலும் திட்டத்தான் செய்தது. அவனை முதுகில் தூக்கிப் போட்டுக்கொண்டு யானைச் சேற்றில் விழுந்து எழுந்து ஓடினான். பாதி வழியில்தான் வாயில் வந்தது. "நல்லா இருந்துச்சுடா எகோமி, என் தொண்டையவிட நல்லா இருந்துச்சு." முதுகில் இருந்தவன் அதற்குள் கனத்துப்போயிருந்தான்.

புதைத்த மறுநாள் அபாவில் கூடினார்கள். தவறிச் சுட்டவன் என்றால் மரப்பட்டைத் தண்ணீரில் குளிப்பாட்டிச் சேர்த்துக்கொள்வார்கள். செத்தவன் குடும்பத்தைக் கடைசிவரை அவன் தாங்க வேண்டும். தெரிந்தே சுட்டவன் என்றால் ஊருமில்லை, உறவுமில்லை, அவன் பெயரைக்கூடப் பிள்ளைகளுக்கு வைக்க மாட்டார்கள்.

"தட்டினியா?" எபாங் கேட்டார்.

"இல்ல பெரியப்பா. மான் கத்துச்சு."

"மானா கத்துச்சு?"

"எகோமி கத்தினான். மான் மாதிரியே இருந்துச்சு. எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவு நல்லா இருந்துச்சு பெரியப்பா."

தம்பியை ஊர் முன்னால் அவன் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. ஒருவர் முகத்திலும் நம்பிக்கை இல்லை. பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்:

"எகோமி கத்தினா ஊர் ஆடு வரும். இதை நீ எத்தனை தடவை சொல்லியிருப்பே? என் கல்யாணத்துலயே ரெண்டு தடவை சொன்னே."

"நாலஞ்சு நாளைக்கு முன்னாடி இங்கயே சொன்னான்," என்றான் இன்னொருவன். "மானை அடிச்சா மரம் அவனுக்குன்னும் சொன்னான். மரம் போயிடும்னு பயந்துட்டான் போல."

"அய்யோ, அப்படி இல்ல. அவன் கத்தினது எப்படி இருந்துச்சுன்னு காட்டுறேன்." அலோகோ மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்திக் காட்டினான். முடிவில் லேசாக உடைவதையும் விடவில்லை.

"இது உன் குரல்," என்றார் எபாங். "உன் குரல் எங்களுக்குத் தெரியும். அவன் குரலைக் கேட்டவங்க யாராவது இருக்காங்களா?"

"அஃபோமே இருக்கா. தினமும் கேட்டிருக்கா. அவளைக் கேளுங்க."

அஃபோமே தலையை மழித்து, உடம்பெல்லாம் சாம்பல் பூசி, கொட்டகை ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவளும் நிமிர்ந்து பார்த்தாள், எபாங்கை அல்ல, அலோகோவை. அன்று மரவள்ளிக் கூடையோடு நின்ற அதே இடம் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சொல்லும்மா," என்றார் எபாங். "உன் புருஷனுக்கு மானைக் கூப்பிடத் தெரியுமா?"

அவள் அவசரப்படவில்லை.

"எனக்கு என்ன தெரியும் பெரியவரே? அவருக்குக் கூப்பிட வராது. கூப்பிட்டா ஆடுதான் வரும். ஊருக்கே தெரியுமே, மூத்தவர்தானே எல்லாருக்கும் சொன்னார்."

அலோகோ வாயைத் திறந்தான். பானையைச் சொல்லலாம், அடுப்படியைச் சொல்லலாம், சாகும்போது தம்பி சொன்ன ஒவ்வொரு சொல்லையும் சொல்லலாம். அவள் இன்னும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. கோபம்கூட இல்லை. ஒரு வருஷம் அடுப்படியில் உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்டவள், அது நன்றாக இருக்கிறது என்று அதன் சொந்தக்காரனிடம் சொன்ன ஒரே ஆள்.

"அலோகோ," எபாங் கேட்டார். "அவ சொல்றது சரியா? நீ சொன்னதுதானா?"

"ஆமா பெரியப்பா," என்றான். "நான்தான் சொன்னேன்."

விசாரணை முடிந்தது என்பதற்கு அடையாளமாக எபாங் கையிலிருந்த ஈயோட்டியைக் கீழே வைத்தார். இனி அலோகோ என்று அந்த ஊரில் எந்தப் பிள்ளைக்கும் பெயர் வைக்க மாட்டார்கள்.